படியிறங்கும் வண்டியைத் தள்ளுபடி செய்தவர்

எங்கள் காப்புரிமை அலுவலகத்தில் அந்த அம்மாவுக்குக் கத்தரி என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை; நேரில் மேடம்தான். யாராவது ஒரு கருவியைச் செய்து, ‘இது என் கண்டுபிடிப்பு, என் அனுமதி இல்லாமல் வேறு யாரும் செய்யக் கூடாது’ என்று உரிமை கேட்டு விண்ணப்பம் போட்டால், அது உண்மையிலேயே புதியதுதானா, உலகத்தில் எங்காவது யாராவது முன்பே எழுதி வைத்துவிட்டார்களா என்று தேடிப் பார்ப்பது அவர் வேலை. பரிசீலகர் என்று பதவிக்குப் பெயர். சக்கரம் வைத்த எதுவானாலும் அவர் மேசைக்குத்தான் வரும். தள்ளுவண்டி, மூட்டை வண்டி, குழந்தை வண்டி, நோயாளி வண்டி. பத்து வந்தால் எட்டு வெட்டுப்பட்டுத் திரும்பும். மீதி இரண்டும் கை கால் போய்த்தான் வெளியே வரும்.

நான் அங்கே சுருக்கெழுத்தர். விசாரணை அறையின் மூலையில் உட்கார்ந்து இரண்டு தரப்பும் பேசுவதைக் குறிப்பெடுப்பேன். நான் சொல்லப்போகும் விஷயத்தில் எனக்கும் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேடத்துக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தையற்கடை வைத்திருக்கும் தங்கையோடு ஒரு மாடி வீட்டில் இருந்தார். அவர் இயந்திரவியல் படித்த காலத்தில் வகுப்பில் நாற்பத்தேழு பேர். அதில் ஒரே பெண் அவர்தான். பட்டறை வகுப்பில் முதல் நாள் அரத்தைத் தலைகீழாகப் பிடித்துவிட்டாராம். வாத்தியார் உட்பட அத்தனை பேரும் சிரித்தார்களாம். “அன்னிக்கு முடிவு பண்ணினேன் தம்பி, இனிமே யாரும் என்னைப் பாத்துச் சிரிக்கிற மாதிரி வெச்சுக்கக் கூடாதுன்னு,” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். முப்பது வருடம் அப்படியே இருந்தும் காட்டினார். அவர் எழுதும் உத்தரவில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருக்காது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவருடைய கோப்புகளைத்தான் மாதிரியாகக் கொடுப்பார்கள்.

படியிறங்கும் வண்டிக்கு உரிமை கேட்டு விண்ணப்பம் போட்டவர் சுமை தூக்குகிறவர். அச்சகத் தெருவில் வேலை. அந்தத் தெருவில் எல்லாமே நான்கு மாடிக் கட்டிடங்கள், லிஃப்ட் கிடையாது. வெள்ளைக் காகிதம் ரீம் ரீமாக மேலே ஏறும். அச்சாகி, மடித்து, தைத்து, புத்தகப் பண்டல்களாகக் கீழே இறங்கும். ஏற்றுவதும் இறக்குவதும் இவரைப் போன்ற இருபது பேர். இரண்டு வருடம் முன்பு இவருடைய மச்சினர் பாடநூல் பண்டல்களோடு படியில் உருண்டு இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். அதற்குப் பிறகுதான் இவர் பழைய சைக்கிள் கடைகளில் சாமான் பொறுக்க ஆரம்பித்தார். கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலுக்கு இஞ்சினியர் என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே பெயராகிவிட்டது.

படியேறும் வண்டி புதிதல்ல. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று சின்னச் சக்கரங்கள் நட்சத்திரம் போலச் சேர்ந்திருக்கும். இழுக்க இழுக்க அந்த நட்சத்திரம் உருண்டு படிபடியாக ஏறும். அதை விண்ணப்பத்தில் அவரே எழுதியிருந்தார். அவர் செய்தது வேறு. நட்சத்திரத்தின் அச்சில் ஒரு பல்சக்கரம், அதைக் கவ்வ ஒரு கொக்கி, கொக்கியிலிருந்து சரக்குத் தட்டுக்கு ஒரு கம்பி. இறங்கும்போது பாரம் முன்னால் சாயும். சாய்கிற பாரமே கம்பியை அழுத்தும். கொக்கி ஒரே ஒரு படிக்கு மட்டும் விட்டுக்கொடுத்து மறுபடி கவ்விக்கொள்ளும். பாரம் கூடக் கூடப் பிடியும் இறுகும். பிடித்திருக்கும் ஆள் கையை விட்டுவிட்டாலும் வண்டி அடுத்த படியிலேயே நின்றுவிடும்.

வக்கீலோ ஏஜெண்டோ வைத்துக்கொள்ளாமல் மகளோடு வந்திருந்தார். மகள் அதே தெருவில் பைண்டிங் கடையில் வேலை. விண்ணப்பத்தை அவள்தான் டைப் செய்தவள். அவர் சட்டையில் கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டிருந்தார். காலடியில் ஒரு சாக்குப் பை. அதற்குள் முழங்கால் உயரத்துக்கு ஒரு மாதிரி வண்டி.

மேடம் வெளிநாட்டு ஆவணம் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். அதன் வரைபடத்தை அவர் பக்கம் தள்ளினார்.

“இது பன்னண்டு வருஷத்துக்கு முன்னாடியே இருக்குதுங்க. நட்சத்திரச் சக்கரம், பல்சக்கரம், கொக்கி, கம்பி. எல்லாம் அப்படியே. பாருங்க.”

அவர் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மகள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“அம்மா, படத்துல வண்டி ஏறுது,” என்றார் அவர். “என்னோடது இறங்குற வண்டி.”

“அப்போ இந்தப் படத்தைத் திருப்பிப் பிடிச்சா உங்க வண்டி ஆயிடுமா?”

முதலில் சிரித்தது கோப்பு எடுத்துக் கொடுக்கும் உதவியாளர். அடுத்து நான். பேனாவை வைத்துவிட்டே சிரித்தேன். தான் சொன்னது எடுபட்டதைப் பார்த்து மேடமும் சிரித்தார். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அந்த மனுஷரும் லேசாகச் சிரித்தார். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரே ஒரு தடவை, வெளிய படிக்கட்டுல விட்டுக் காட்டட்டுங்களாம்மா?”

“நேரம் இல்லைங்க. அடுத்த ஆள் காத்திருக்காங்க.”

அவர் சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார். பதினைந்து நாளில் உத்தரவு போனது. ‘மேற்படி முன் ஆவணத்தை முழுமையாகப் படித்துப் பார்த்ததில், விண்ணப்பதாரரின் வண்டியில் புதுமை ஏதும் இல்லை எனத் தெரியவருவதால் விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படுகிறது.’ நான்தான் டைப் செய்தேன். விசாரணைக் குறிப்பில் அந்தச் சிரிப்பையும் அதற்கு முன்னால் வந்த கேள்வியையும் எழுதவில்லை. எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஆனால் கேள்வி அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. கேன்டீனில் தோசைக்கரண்டியைப் பிடித்திருப்பவர் வரைக்கும் தெரியும். யாராவது நாற்காலியைத் திருப்பிப் போட்டால், “சார், பேட்டன்ட் போட்டுடுங்க, புதுக் கண்டுபிடிப்பு” என்பார்கள். மேடம் காதில் விழுந்தால் உதட்டுக்குள் சிரித்துக்கொள்வார்.

எட்டு மாதம் போயிற்று. அலுவலகத்தில் லிஃப்ட் பழுதாகி நின்ற நேரம் பார்த்துப் பழைய ஆவண அலமாரிகளைக் கீழ்த் தளத்துக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. நான்கு ஆட்கள் வந்து, கோப்புக் கட்டுகளை இரும்பு வண்டியில் ஏற்றிப் படி வழியாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். காலை பதினோரு மணி இருக்கும். மேடம் கையில் டீயோடு இரண்டாம் மாடி திருப்பத்தில் நின்றிருந்தார். நான் பக்கத்தில்.

மேலிருந்து வண்டி வந்தது. கீழே ஒரு ஆள் முதுகால் முட்டுக்கொடுத்துக்கொண்டு படிபடியாக இறங்கினான். மேலே ஒருவன் கைப்பிடியை இழுத்துப் பிடித்திருந்தான். கீழே இருந்தவனின் கழுத்து நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருந்தது. ஒவ்வொரு படிக்கும் வண்டி அவன் முதுகை ஒரு இடி இடித்தது.

“ஓரம் போங்கம்மா!” என்று கத்தினான். “ஏத்தும்போது நாம இழுக்கலாம். இறக்கும்போது அது நம்மளத் துரத்தும். ஓரம், ஓரம்!”

மேடம் சுவரோடு ஒட்டிக்கொண்டார். வண்டி கடந்து போயிற்று. டீ கையிலேயே ஆறியது. நான் ஏதோ பேசினேன். அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

மதியம் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, கதவைச் சாத்திட்டு வாங்க.”

மேசைமேல் அந்தக் கோப்பு. பக்கத்தில் அந்த வெளிநாட்டு ஆவணம், நாற்பத்தாறு பக்கம். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு: ஒரு பக்கத்தைப் படித்து முடித்தால் அடியில் பென்சிலால் ஒரு டிக் போடுவார். எனக்கு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினார். முதல் பக்கம், டிக். இரண்டு, டிக். பன்னிரண்டாம் பக்கம் வரை டிக் இருந்தது. பதின்மூன்றிலிருந்து பக்கங்கள் பளிச்சென்று இருந்தன. அவர் முப்பத்தொன்றாம் பக்கத்துக்குப் போய் ஒரு வரியில் விரலை வைத்தார். அந்த வரியின் பொருள் இதுதான்: ‘படியிறங்கும்போது கொக்கி வேலை செய்யாது, அதை உயர்த்திக் கட்டிவிட்டு, சரக்கைப் பிரித்துக் கையால் இறக்க வேண்டும்.’

“எழுதினவனே சொல்லிட்டான் தம்பி, இது இறங்குற வண்டி இல்லன்னு. படிக்காதவர்னு நினைச்சேனே, அவர் படத்தைப் பாத்தே கண்டுபிடிச்சார். நான் படிச்சவ, படிக்கல.”

“அந்த வாரம் உங்களுக்கு முப்பது ஃபைல் இருந்துச்சு மேடம்,” என்றேன்.

“முழுமையாகப் படித்துப் பார்த்ததில்னு எழுதியிருக்கேனே. அதை யார் எழுதச் சொன்னா?”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் விதிப்படி, தள்ளுபடியான விண்ணப்பத்தைப் பரிசீலகர் தாமாகத் திறக்க முடியாது. விண்ணப்பதாரர் மறுபரிசீலனை மனு போட வேண்டும். மூன்று மாதம் கெடு. தக்க காரணம் இருந்தால் ஓராண்டு வரை ஏற்பார்கள். அதாவது இன்னும் நான்கு மாதம் இருந்தது. மேடம் தலைமை அதிகாரியிடம் போனார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த உத்தரவில் அவர் கையெழுத்தும் இருந்தது.

“இத்தனை வருஷத்துல ஒண்ணு. விடுங்கம்மா. அந்த ஆளு அப்பீல் பண்ணலயே? அவருக்கே அக்கறை இல்லன்னுதானே அர்த்தம்? உங்களுக்கு ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச வருஷம்தான். எதுக்கு வேலியில போற வம்பு?”

மேடம் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். அதைத்தான் பின்னால் அவர் அடிக்கடி சொல்லி நொந்துகொள்வார்: “தலையாட்டிட்டு வந்தேன் தம்பி.”

இரண்டு நாள் கழித்து என்னிடம் ஒரு தாளைக் கொடுத்து டைப் செய்யச் சொன்னார். மூன்றே வரி. ‘உங்கள் வண்டி விண்ணப்பத்துக்கு மறுபரிசீலனை கேட்கலாம். முன் ஆவணத்தின் 31ஆம் பக்கத்தைச் சுட்டிக்காட்டவும். ஓராண்டுக்குள் செய்யவும்.’ கீழே பெயர் இல்லை. கையெழுத்து இல்லை. மொட்டைக் கடிதம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் அந்த வேலையை முடித்தோம். அலுவலக உறையில் போட்டால் தெரிந்துவிடும் என்று வெளியே கடையில் உறை வாங்கி நானே தபாலில் போட்டேன்.

ஐந்து வாரம் காத்திருந்தோம். தினமும் தபால் பிரிவில் போய் எட்டிப் பார்ப்பேன். மனு வரவில்லை. இதற்கிடையில் கேன்டீனில் யாரோ தட்டைக் கவிழ்த்துப் போட்டு அந்தப் பழைய ஜோக்கைச் சொன்னார்கள். மேடம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். வீட்டிலும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தங்கை ஃபோன் செய்து என்னைக் கேட்டாள். “அக்கா பேய் அறைஞ்ச மாதிரி இருக்காங்க. ஆபீஸ்ல யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களா?” நான் மென்று முழுங்கினேன். எப்படியோ மேடத்திடமிருந்தே தங்கை விஷயத்தைக் கறந்துவிட்டாள். “பேர் போடாம கடுதாசி எழுதினியாக்கா? நீயா?” என்று மட்டும் கேட்டாளாம். மறுநாள் காலை மேடம் விடுப்பு எழுதிக் கொடுத்தார். என்னையும் கூட வரச் சொன்னார்.

அச்சகத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. மையும் பசையும் கலந்த வாடை. ஒரு கட்டிடத்தின் வாசலில் ஏழெட்டுப் பேர் பண்டல்களை லாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படியிலிருந்து அந்த வண்டி இறங்கி வந்தது. டொக், டொக் என்று படிக்கு ஒரு சத்தம். அளந்து வைத்த மாதிரி. பக்கத்தில் அவர் ஒரு கையைக் கைப்பிடியில் சும்மா வைத்துக்கொண்டு நடந்து வந்தார். முதுகில் முட்டுக்கொடுக்க யாரும் இல்லை.

மேடம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நானும்தான்.

பைண்டிங் கடை வாசலில் இருந்த மகள்தான் முதலில் கண்டுகொண்டாள். “அப்பா,” என்றாள் தாழ்ந்த குரலில், “அந்த மேடம்.”

அது மேஸ்திரி காதிலும் விழுந்துவிட்டது. பெரிய தொப்பைக்காரர், தாராளமான குரல். “எந்த மேடம்? பேட்டன்ட் ஆபீஸா? டேய், எல்லாரும் வாங்கடா! இஞ்சினியருக்கு ஆபீஸ்ல இருந்தே ஆள் வந்திருக்கு! கிடைச்சிடுச்சாம்மா?”

ஆட்கள் வண்டியிலிருந்த பண்டல்களை இறக்கிப் போட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டார்கள். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. அந்த மனுஷர் மட்டும் மேடத்தைப் பார்த்து மெல்லத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். வேண்டாம் என்கிறார் என்று எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. மேடத்துக்கும் தெரியவில்லை. அவர் வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததை அப்படியே சொன்னார்.

“கிடைக்கலைங்க. ஒன்பது மாசத்துக்கு முன்னாடியே தள்ளுபடி பண்ணிட்டேன். தப்பு இவரோடது இல்ல. நான் முழுசாப் படிக்காம எழுதிட்டேன். அதைச் சொல்லி மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்.”

“ஒன்பது மாசமா?” என்றார் மேஸ்திரி. அவர் மேடத்தைப் பார்க்கவில்லை. “போன வாரம்கூடக் கேட்டேனேப்பா. பாத்துக்கிட்டிருக்காங்க, வந்துடும்னு சொன்னியே?”

யாரோ ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அந்த மனுஷர் துண்டை எடுத்துக் கைப்பிடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். பிறகு காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு படியேறிப் போய்விட்டார். ஆட்களும் ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பினார்கள்.

மகள் எங்களைப் படிக்கட்டின் அடியில் காகிதக் கழிவு கொட்டும் இடத்துக்குக் கூட்டிப் போனாள். கையில் ஒட்டியிருந்த பசையை உரித்துக்கொண்டே பேசினாள்.

“உங்க மனசுல இருந்த பாரத்தை இறக்கணும். அதுக்காக எங்கப்பா தலைமேல இறக்கிட்டீங்க.”

“எனக்குத் தெரியாதும்மா, அவர் சொல்லலன்னு...”

“எப்படிச் சொல்லுவார்? அன்னிக்கு உங்க ஆபீஸ்ல இருந்து வர்றப்போ பஸ்ஸுல ஒரு வார்த்தை பேசல. இறங்கும்போது, நீ வந்திருக்கக் கூடாதும்மான்னார். அவ்வளவுதான். தள்ளுபடி ஆனது அவருக்குப் பெரிசா தெரியல மேடம். நான் பாத்துட்டேன்ல, அதான். ரெண்டு மாசம் வண்டியைச் சாக்குப் போட்டு மூடி வெச்சுட்டு முதுகுலயே சுமந்தார். கூட வேலை செய்யுற இந்த ஆளுங்கதான் நச்சரிச்சு மறுபடி எடுக்க வெச்சாங்க.”

மேடத்துக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

“நடுவுல எவனோ ஒரு மொட்டைக் கடுதாசி வேற போட்டான். புரோக்கர் எவனோ ஆசை காட்டுறான்னு அப்பா கிழிச்சுப் போட்டுட்டார்.”

அந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். நான் மேடத்தின் கைப்பை வாரைக்கூட லேசாக இழுத்தேன்.

“அதுவும் நான்தாம்மா,” என்றார் மேடம்.

அந்தப் பெண் பசை உரிப்பதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். இவ்வளவுதானா நீங்கள் என்பது போல இருந்தது. “நீங்க போங்க மேடம். அப்பா மறுபடி இறங்கி வருவார். உங்களைப் பாக்க வேண்டாம்.”

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் மேடம் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

பத்து நாள் கழித்து மகள் மட்டும் அலுவலகத்துக்கு வந்தாள். கையில் மறுபரிசீலனை மனு. நேராக மேடத்தின் மேசைக்கு வந்து நின்றாள்.

“தாமதத்துக்குக் காரணம் காட்டணுமாம். நீங்க எத்தனை பக்கம் படிச்சீங்கன்னு எழுதிக் குடுங்க. இந்தத் தடவை பேர் போட்டு.”

தலைமை அதிகாரியின் அறைக் கதவு திறந்தே இருந்தது. மேடம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, என்னிடம் டைப் செய்யக் கொடுக்காமல், தன் கையாலேயே எழுதினார். ‘நாற்பத்தாறு பக்கங்களில் பன்னிரண்டு பக்கங்களை மட்டுமே படித்தேன். முழுமையாகப் படித்ததாக உத்தரவில் எழுதியது உண்மையல்ல.’ பெயர், பதவி, தேதி. அந்தப் பெண் நின்றபடியே இரண்டு முறை படித்துவிட்டு, நன்றி என்றுகூடச் சொல்லாமல், மனுவோடு சேர்த்துக் குத்திக்கொண்டு போனாள்.

மனுவை விசாரிக்க வேறு பிரிவிலிருந்து ஒரு பரிசீலகரைப் போட்டார்கள். மருந்துகள் பார்க்கிறவர், சாதுவான மனுஷர். அதே அறை. குறிப்பெடுக்க அதே நான். மேடம் இந்த முறை மேசைக்கு இந்தப் பக்கம், சுவரோரம் ஒரு நாற்காலியில். அவருடைய உத்தரவை அந்தப் பரிசீலகர் வரி விடாமல் வாசித்தார். பிறகு மனுவைப் புரட்டி, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“மனுவுல ஒரு விஷயம் எழுதியிருக்காங்க. படத்தைத் திருப்பிப் பிடிச்சா உங்க வண்டி ஆயிடுமான்னு கேட்டதா... விசாரணைக் குறிப்புல அப்படி எதுவும் இல்லையே?”

“கேட்டேன்,” என்றார் மேடம்.

“குறிப்புல...”

நான் எழுந்து நின்றேன். “நான்தான் சார் எழுதாம விட்டேன். நானும் சிரிச்சேன்.”

அவர் என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். “ஏன் மேடம் அப்படிக் கேட்டீங்க?”

மேடம் யோசித்தார். வேலைப் பளு என்று சொல்லியிருக்கலாம். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம்.

“கேக்கும்போது நல்லா இருந்துச்சு,” என்றார்.

வண்டியைச் செய்தவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் இந்த முறையும் அவர் பக்கத்தில்தான் இருந்தாள். “நீ வா” என்று அவரே கூப்பிட்டு வந்ததாகப் பிறகு தெரிந்தது.

வண்டியை விட்டுக் காட்டச் சொன்னார்கள். பெரிய வண்டியையே கொண்டுவந்திருந்தார். எங்கள் ஸ்டோரிலிருந்து காகித ரீம்களை ஏற்றி, மூன்றாம் மாடியிலிருந்து விட்டார். அலுவலகமே படிக்கட்டில் கூடிவிட்டது. பாதி வழியில் கைப்பிடியை விட்டுவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். வண்டி ஒரு படி இறங்கி நின்றது. அவர் விரலால் தொட்டால் அடுத்த படி. கூட்டத்தில் நெருக்கியடித்ததில் மேடம் எப்படியோ வண்டிக்குக் கீழ்ப்பக்கம் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“கீழ நிக்காதீங்கம்மா,” என்றார் அவர். “வண்டி நின்னுடும். இருந்தாலும் பாரத்துக்குக் கீழ யாரும் நிக்கக் கூடாது.”

மேடம் சட்டென்று விலகி வழிவிட்டார். அவர்கள் இருவருக்கும் நடுவில் அதற்குப் பிறகு வேறு பேச்சு நடந்து நான் பார்க்கவில்லை.

இறங்கும்போது பாரத்தாலேயே இயங்கும் கொக்கிக்கு மட்டும் என்று வரையறுத்து உரிமை கொடுத்தார்கள். அவர் கேட்டதும் அதைத்தான். மேடத்தின் பணிப் பதிவேட்டில் ஒரு கண்டனக் குறிப்பு ஏறியது. எனக்கும் ஒன்று. தலைமை அதிகாரி ஒரு மாதம் எங்களோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அச்சகத் தெருவில் மேஸ்திரி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். இதையெல்லாம் மேடத்திடம் சொன்னபோது, “நல்லது” என்றார். முகம் தெளியவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். சனிக்கிழமைகளில் அலுவலகத்துக்கு வந்து, தான் தள்ளுபடி செய்த பழைய கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, பென்சில் டிக் எங்கே நின்றிருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். ஐந்து வருடத்துக் கோப்புகள். பெரும்பாலும் கடைசிப் பக்கம் வரை டிக் இருந்தது. ஆறு கோப்புகளில் இல்லை. அந்த ஆறையும் உட்கார்ந்து முழுதாகப் படித்ததில், ஐந்தில் அவர் எழுதிய முடிவு எப்படியும் சரிதான் என்று தெரிந்தது. ஒன்றில் சரியில்லை. களத்தில் காய்கிற தானியத்தை வாரிக்கொண்டே போகும் ஒரு கைவண்டி. கெடு முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இனி யாரும் எதுவும் செய்ய முடியாது.

நான்கு மணி நேரம் பஸ்ஸில் போய் அந்த முகவரியைக் கண்டுபிடித்தோம். வயதான மனுஷர். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மேடம் தான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்பதை எல்லாம், யாரும் சுற்றி இல்லை என்று நன்றாகப் பார்த்துக்கொண்ட பிறகு, தணிந்த குரலில் சொன்னார்.

“ஓ, அதுவா?” என்றார் கிழவர். “அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேம்மா. அதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

நிஜமாகவே மறந்திருந்தாரோ, வந்தவர்கள் முகம் வாடக் கூடாது என்று சொன்னாரோ தெரியாது. திரும்பி வரும் பஸ்ஸில் மேடம் அதைத்தான் என்னிடம் கேட்டார். “நிஜமா மறந்திருப்பாரா தம்பி?” மறந்திருப்பார் என்றேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டார். நான் அதையே மறுபடி சொன்னேன்.